ஆங்கிலத்துக்குப் போன விசிறிப் பாட்டு

உலகத்தில் பாடகர்கள் பல வகை. குளியலறைக் கதவைச் சாத்தினால்தான் குரல் வருகிறவர், மைக்கை வாங்கினால் திருப்பித் தர மறந்துவிடுகிறவர், கல்யாண வீட்டில் பெண்ணின் தாயை அழவைக்காமல் மேடையை விட்டு இறங்காதவர் என்று வரிசை நீளும். அவர்கள் எல்லாரும் பிழைத்துப்போகட்டும். நாம் இங்கே பார்க்கப்போகிறவர் மொழி தாண்டும் பாடகர். ஸ்பானிய மொழியில் தானே பாட்டெழுதி, தானே பாடி, ஒரு கண்டத்தையே இடுப்பை ஆட்டவைத்துவிட்டு, ஒருநாள் காலையில் எழுந்து, காப்பி குடிப்பதற்குக்கூட முன்னால், "இனிமேல் நமக்கு இங்கிலீஷ்தான்" என்று முடிவெடுக்கிறாரே, அவரேதான்.

கொலம்பியாவின் கரீபியப் பக்கத்தில், எங்கள் வெயிலுக்கு, இந்த வகை நன்றாகவே விளைகிறது. அடையாளம் காண்பதும் சுலபம். வெளிச்சம் இல்லாத அறையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கேள்வி ஸ்பானிய மொழியில் வந்தாலும் பதிலுக்கு முன்னால் "வெல்..." என்று ஓர் இழுப்பு இழுப்பார். பேச்சின் நடுவே சட்டென்று நின்று, கூரையைப் பார்த்து, இரண்டு விரலைச் சொடுக்கி, "அட, அதுக்கு நம்ம பாஷையில என்ன பேரு?" என்று தவிப்பார். இப்படி மறந்துபோகும் சொல் ஒருநாளும் தத்துவச் சொல்லாகவோ சட்டச் சொல்லாகவோ இருக்காது. போன மாதம்வரை அவர் தினமும் தின்ற ஏதோ ஒரு பண்டமாகத்தான் இருக்கும். தின்றது உடம்பில் ஒட்டியிருக்கிறது. பேர் மட்டும் எங்கே போயிற்று?

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் நம்பமாட்டீர்கள். ஒருவரைப் பிடித்து நிறுத்துவோம்.

எலியேசர் நர்வாயெஸ். ஊர் சின்செலேஹோ. வெளியூரில் 'அவர்', 'இவர்' என்று சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் ஊர்க்காரன் என்பதால் எங்களுக்கு அவன் 'அவன்'தான். முப்பத்திரண்டு வயது, ஒல்லி, நெட்டை, கிதாரைத் தோளில் போட்டால் யார் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று சந்தேகம் வரும். அவன் மனைவி நூரிஸ் தாமரா, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதைப் பார்த்தாலும் அதே கேள்வியைக் கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. பாட்டுக்கும் அப்படியே. எலியேசர் ஒரு வரி சொல்வான். "தெளிவா இல்ல" என்பாள். வேறு வரி சொல்வான். "இது பரவாயில்ல." இப்படித்தான் அவர்கள் பாட்டெழுதினார்கள்.

அப்படி எழுதியதில் ஒன்று விசிறிப் பாட்டு. கதை இவ்வளவுதான்: மத்தியானம் மூன்று மணி. ஒற்றை அறை. புருஷன், பெண்டாட்டி, ஒரு மேஜை விசிறி. விசிறியின் கழுத்து உடைந்துபோனதால் அது தானாகத் திரும்பாது. ஒரே பக்கம்தான் வீசும். முதல் சரணத்தில் அவன், அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, சத்தமில்லாமல் விசிறியை அவள் பக்கம் திருப்புகிறான். அது எலியேசர் எழுதியது. இரண்டாவது சரணத்தில் அவள் சொல்கிறாள்: நீ திருப்பியதை நான் பார்த்தேன், நீ தூங்கியதும் உன் பக்கம் திருப்பினேன், நீ எழுந்து மறுபடி திருப்பினாய், கடைசியில் இரண்டு பேரும் வேர்வையில் நனைந்து எழுந்தோம், அந்த மத்தியானம் தூங்கியது விசிறி மட்டும்தான். அது நூரிஸ் எழுதியது. முதல் சரணத்தில் ஒரு நல்ல புருஷன் இருந்தான். இரண்டாவது சரணம் வந்தபிறகுதான் அது பாட்டானது.

அந்தப் பாட்டு எங்கேதான் போகவில்லை? தொலூ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில், முடிதிருத்தும் கடையில், ஞானஸ்நான விருந்தில், லீமாவில், கித்தோவில், மெக்சிகோவில். குளிர் நாட்டில் வேலைக்குப் போன நம் ஆட்கள், விசிறியே தேவைப்படாத அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதைக் கேட்டு அழுதார்களாம்.

போதாதா? நமக்குப் போதும். மயாமிக்குப் போதவில்லை.

மயாமியில் ஓர் இசைக் கம்பெனியில் ட்ரெண்ட் என்று ஒருவர் இருந்தார். பேர்தான் அது, தொழிலும் அதுவே. கம்ப்யூட்டர் திரையில் வந்து சிரித்தார். பற்கள் வெள்ளையோ வெள்ளை. 'எலியேசர்' என்று சொல்லப்பார்த்தார், நாக்கு மடங்கியது. "உங்க பேரைச் சுருக்கிடலாமா? எலி! சின்னதா, நச்சுன்னு இருக்கு" என்றார். எலியேசர் சரி என்றான். தமிழில் படிக்கிறவர்கள் சிரிக்கவேண்டாம். மயாமியில் அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

"எலி, நீங்க உலகத்துக்கே பாடணும்" என்றார் ட்ரெண்ட்.

இருபது நாட்டில் பாடுகிறவனை ஒருவர் உலகத்துக்கே பாடு என்று சொன்னால் என்ன அர்த்தம்? இந்த இருபது நாடும் உலகத்தில் சேர்த்தியில்லை என்று அர்த்தம். அது எலியேசருக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதுதான் இந்த வகையின் முதல் லட்சணம்.

மறுநாளே ஆங்கிலத்துக்கு ஆள் தேடினான். எங்கள் ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஆர்ச்போல்ட் கிடைத்தார். ப்ராவிடென்சியா தீவுக்காரர், ஆங்கிலம் அவருக்கு வீட்டுப் பேச்சு, எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கால்பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர். எலியேசருக்கு இருந்த பெரிய சிக்கல், தமிழில் சிலர் 'இஸ்கூல்' என்கிறார்களே, அதே சிக்கல். 'ஸ்டாப்' என்று சொல்லச் சொன்னால் 'எஸ்டாப்'. 'ஸ்ட்ரீட்' என்றால் 'எஸ்ட்ரீட்'. ஆர்ச்போல்ட் ஒரு வைத்தியம் சொன்னார். சொல்லை ஆரம்பிப்பதற்கு முன் பாம்பு மாதிரி அரை நிமிஷம் சீறவேண்டும். அந்தச் சீறலிலேயே வழுக்கிக்கொண்டு சொல்லுக்குள் போய்விடவேண்டும்.

எட்டு மாதம் எலியேசர் சீறினான். குளிக்கும்போது சீறினான், காரில் சீறினான். பக்கத்து வீட்டார் காஸ் கசிகிறது என்று பயந்து கம்பெனிக்குப் போன் செய்தார்கள். சீருடை போட்ட இரண்டு பேர் வந்து, அடுப்பையும் குழாயையும் சோதித்து, கடைசியில் சத்தம் வந்த அறையின் கதவைத் திறந்தால், எங்கள் தேசத்தின் பெரிய பாடகர் கண்ணாடி முன்னால் நின்று "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்டார்" என்றார்.

உச்சரிப்பு வந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒன்று வரும்போது இன்னொன்றை வழியனுப்ப வேண்டுமென்று அவனிடம் யார் சொன்னது? உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் ஆர்ஹெமிரோ, எலியேசரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், பேட்டிக்குக் கூப்பிட்டான். ஊரே கேட்டது.

"ஊருக்கு வந்தா முதல்ல என்னடா சாப்பிடத் தோணுது?" என்றான் ஆர்ஹெமிரோ.

"வெல்... அந்த சூப்பு இருக்குல்ல. வெள்ளையா. சீஸ் போட்டு. அதுல ஒண்ணு போடுவாங்களே..." சொடுக்கல் சத்தம் வானொலியில் தெளிவாகக் கேட்டது. "அதுக்கு என்ன பேரு?"

"எதுக்குடா?"

"மண்ணுக்கு அடியில இருக்குமே..."

"செத்தவங்களா?"

"இல்லப்பா! தோண்டி எடுத்து, தோலைச் சீவி, வேகவெச்சு..."

"டேய், கிழங்குடா! நீ ஆறு வயசுல திருடி மாட்டிக்கிட்டு உதை வாங்கினியே, அந்தக் கிழங்கு!"

"யா, யா. கிழங்கு" என்றான் எலியேசர், வெகுநாள் கழித்து ஒரு தூரத்து உறவைச் சந்தித்தவன்போல.

எங்கள் ஊர் ஆட்களுக்கு மற்றது எது குறைந்தாலும் கேலிக்குக் குறைச்சல் இல்லை. மறுநாள் காலையில் எலியேசர் தெருவில் இறங்கினான். மூலையில் சோளக் கொழுக்கட்டை விற்கும் மின்தாக்கா கூடையைத் திறந்து, "குட் மார்னிங் மிஸ்டர்! ஒன் கொழுக்கட்டை? டூ கொழுக்கட்டை?" என்றாள். முடிதிருத்துகிறவர் கத்திரியைத் தூக்கிப் பிடித்து, "ஷார்ட்? வெரி ஷார்ட்?" என்றார். பஸ் நடத்துநர் சன்னலில் தலையை நீட்டி, "மிஸ்டர்! பேக் சைடு கம்!" என்று கூவினார். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டால், கடைக்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, "சார், அதுக்கு நம்ம பாஷையில என்ன பேரு?" என்று அவனையே கேட்டாள்.

அவனுக்கு வலித்தது. ஆனால் இந்த வகையினரிடம் வலிக்கு ஒரு மருந்து எப்போதும் கைவசம் இருக்கும்: பொறாமை. ஊருக்குப் பொறாமை என்று முடிவு செய்துகொண்டால் எந்தக் கேலியும் பாராட்டாக மாறிவிடும். அவன் கறுப்புக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு விமானம் ஏறினான்.

மயாமியில் ஒரு நீள மேஜை. ஏழு பேர். விசிறிப் பாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப்போகும் ஏழு பேர். ட்ரெண்ட் ஆரம்பித்தார்.

"விசிறின்னா... ரசிகரா?"

"இல்ல, காத்து வர்ற விசிறி" என்றான் எலியேசர்.

"ஏன், வீட்ல ஏசி இல்லையா?"

"ஏசி இருந்தா பாட்டே இல்லையே."

ஏழு பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். ஒருவர், "நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வீட்ல ஏசி இருக்கு. அவங்களுக்கு இது எப்படிப் புரியும்?" என்று கவலைப்பட்டார். இன்னொருவர், "புழுக்கம், வேர்வை இதெல்லாம் கொஞ்சம் சங்கடமா இருக்கு" என்றார். மூன்றாமவர் ஒரு பெண்மணி, பேனாவால் மேஜையைத் தட்டி, "ஆனா அந்தச் சூடு எனக்குப் பிடிச்சிருக்கு. விசிறியைத் தூக்கிட்டு சூட்டை வெச்சுப்போம்" என்றார். சூடு என்றால் அடுத்தது என்ன? நெருப்பு. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இப்படித்தான் ஒரு விசிறி நெருப்பானது. புதுப் பாட்டில் 'ஃபயர்' நாற்பத்தோரு முறை வந்தது, 'பேபி' பத்தொன்பது முறை. ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு கொஞ்சலுக்கு அனுமதி கிடைத்தது. உப்பு போடுவதுபோல் ஒரு சிட்டிகை போதுமாம், 'மி அமோர்', அதாவது 'என் அன்பே'. தூங்காத புருஷன் எங்கே? திருப்பி வைத்த பெண்டாட்டி எங்கே? அந்த அறையே எரிந்துவிட்டது.

ஒலிப்பதிவு நாளில் எலியேசர் எட்டு மாத உழைப்பையும் மைக்கில் கொட்டினான். ஒரு 'எஸ்' கூடப் பிசகவில்லை. ட்ரெண்டின் முகம் வாடியது.

"எலி, உச்சரிப்பு பிரமாதம்."

"தேங்க்ஸ்."

"அதான் பிரச்சினை. கண்ணை மூடிக் கேட்டா, நம்ம அமெரிக்காவுலயே ஒமாஹாவுல இருக்கிற பல் டாக்டர் யாரோ பாடற மாதிரி இருக்கு. நீங்க லத்தீன் ஆளுன்னு எப்படித் தெரியும்?"

உச்சரிப்பைக் கெடுப்பதற்கு ஒரு பயிற்சியாளர் ஏற்பாடானார். கனடாக்காரர், நல்ல மனிதர், கொலம்பியாவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். "எங்க, எஸ்டார் சொல்லுங்க" என்றார். வரவில்லை. போனது போனதுதான். மூன்று வாரம் முட்டிமோதித்தான் 'எஸ்டார்' திரும்பி வந்தது. அதுவும் முன்பு இருந்த மாதிரி இல்லை, யாரோ செய்துகாட்டுகிற மாதிரி வந்தது. செய்தியைப் போனில் கேட்ட ஆர்ச்போல்ட், "எட்டு மாசம் சீறினோமேடா" என்றார். வைத்துவிட்டார்.

பாட்டு வெளியானது. எலியேசர் ஊருக்கு வந்த அன்று நேரே கண்ணாடிக் கடைக்குப் போனான். நூரிஸ் யாருக்கோ கண் பரிசோதித்து முடித்துவிட்டு, கைபேசியில் பாட்டின் விவரத்தைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள். எழுதியவர்கள் என்ற இடத்தில் எட்டுப் பேர்.

"இது தெளிவா?" என்றாள்.

"நூரிஸ், நான் கேட்டேன். உன் வரி எதுவும் இதுல இல்லையே, எப்படிப் பேர் போடறதுன்னு கேட்டாங்க."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் இல்ல?"

"மொழி மாறிடுச்சுல்ல..."

"எலியேசர், நீ இங்கிலீஷ்ல பாடறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சீனத்துல பாடு. நம்ம ரெண்டு பேர் கதையை எடுத்துட்டுப் போய் அவங்க கையில கொடுத்தே. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கீங்க. ஃபயர். இதுக்கு எதுக்கு எட்டுப் பேரு? ஒரு தீப்பெட்டி போதுமே."

அடுத்து வந்தவருக்கு நாற்காலியைக் காட்டினாள். அன்று சாயங்காலம் அவன் புதிதாக ஒரு வரி சொன்னான். தெளிவா என்றும் கேட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெளிவா இருக்கா, இல்லையா, எனக்கு இப்ப ரெண்டுமே தெரியல" என்றாள். கல்யாணமான ஏழு வருஷத்தில் தெளிவா இல்லையா என்று அவள் சொல்லாமல் விட்ட முதல் வரி அது. அவனுக்கு அந்த வரி என்னவென்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறதாம். பாட்டாக்கவில்லை.

வெளியீட்டு விழாக்களுக்கு அவன் தனியாகவே போனான். ஹூஸ்டன் நகரம், ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் நான்கு மணி, நிழலில்லாத பூங்கா. பன்னிரண்டாயிரம் பேர். ட்ரெண்ட் மேடையின் இரு பக்கமும் ஆறு நெருப்பு இயந்திரங்களை வைத்திருந்தார். 'ஃபயர்' என்று எலியேசர் பாடும்போதெல்லாம் ஆளுயரத்துக்குத் தீ எழும்பவேண்டும். நாற்பத்தோரு முறை. கணக்கை யாரும் யோசிக்கவில்லை.

முதல் தீயிலேயே முன்வரிசை நான்கடி பின்னால் போனது. ஐந்தாவது தீயில் டிரம்ஸ்காரர் சட்டையைக் கழற்றினார். பதினோராவது தீயில் எலியேசரின் கிதார்த் தந்தி சுருதி இறங்கியது. கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? ட்ரெண்ட் எதிர்பார்த்த, வீட்டில் ஏசி உள்ள புது ரசிகர்கள் அங்கங்கே தொப்பியோடு நின்றார்கள். மற்றவர்கள் எல்லாம் நம் ஆட்கள். வாரம் முழுக்கக் கூரை போட்டவர்கள், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தவர்கள், சமையற்கட்டிலிருந்து அரை நாள் விடுப்பு வாங்கி வந்தவர்கள். பதினைந்தாவது தீ எழும்பியபோது, இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், கையிலிருந்த அட்டையால் குழந்தைக்கு வீசிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினாள்.

"டேய் எலியேசர்! நெருப்பு போதும்டா! விசிறியைப் போடுடா!"

அவள் கேட்டது காற்றையா, பாட்டையா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருந்தவர் சிரித்தார், அவருக்குப் பக்கத்திலிருந்தவர் கைதட்டினார், அடுத்த நிமிஷம் பன்னிரண்டாயிரம் பேரும் "விசிறி! விசிறி!" என்று காலைத் தரையில் உதைத்தார்கள். அத்தனை நாட்டு ஆட்களும் அவரவர் ஊர்ச் சொல்லில் கத்தினார்கள். எல்லாம் ஒரே பொருள்தான்.

எலியேசர் மேடையோரம் பார்த்தான். ட்ரெண்ட் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். பேஸ் கிதார்க்காரர், எங்கள் ஊர் ஆள், யாருடைய கையையும் பார்க்காமல் விசிறிப் பாட்டின் முதல் ஸ்வரங்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பாடாமல் என்ன செய்வது? முதல் சரணத்தை எலியேசர் பாடினான். வெயில் பாதி குறைந்தாற்போல் இருந்தது.

இரண்டாவது சரணத்துக்கு வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

கூரையில்லாத வானத்தைப் பார்த்தான். கை தானாகவே மேலே போய் இரண்டு விரலைச் சொடுக்கியது. ஒரு வருஷமாக மறந்ததுபோல் நடித்த உடம்பு அது. இப்போது நிஜமாகவே மறந்துவிட்டது. முதல் சொல்கூட இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. செய்ய எதுவும் இல்லாததால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான்.

கூட்டம் பாடியது. நீ திருப்பியதை நான் பார்த்தேன் என்று பன்னிரண்டாயிரம் பேரும், மீசை வைத்தவர்கள்கூட, ஒரு பெண்டாட்டியின் வாயால் பாடினார்கள். எழுதிய நாளிலிருந்து அவன் அந்தச் சரணத்தைப் பாடித்தான் இருக்கிறான், எதிரே நின்று கேட்டதில்லை. தன் பக்கம் வீசிய காற்றைத் தன் காற்று என்றே நினைத்துவிட்டோமே என்று அவனுக்கு அப்போது புரிந்தது. பாட்டு முடிந்ததும் மைக்கை வாயருகே கொண்டுபோய், கரகரத்த குரலில், நம் மொழியில் சொன்னான்: "இது என்னோடது இல்ல. நூரிஸோடது."

மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதின தெரியுமா? பாடகர் வேண்டுமென்றே மௌனமாக நின்று தன் பாட்டை மக்கள் கையில் ஒப்படைத்தார், மேடைக்கலையின் உச்சம், என்று ஒன்று. 'நூரிஸ்' என்பது அவருடைய பூர்வீகப் பகுதியில் மழைக்காக வணங்கப்படும் பெண் தெய்வம் என்று இன்னொன்று. இசை விமர்சகர் ஒருவர் அந்தத் தெய்வத்துக்கு மூன்று பத்தி ஒதுக்கியிருந்தார்.

எலியேசர் கடைக்குப் போன் செய்தான்.

"வணக்கம், மழைத் தெய்வம் பேசறேன்" என்றாள் நூரிஸ்.

"பாத்தியா?"

"மின்தாக்கா வீட்டு டிவியில தெருவே உக்காந்து பாத்தோம். பாட்டைத் தூக்கி ஜனங்க கையில கொடுத்தியாமே?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"மறந்துட்டே."

"ஆமா."

"நிஜமாவா, இல்ல வழக்கம்போலவா?"

"நிஜமா, நூரிஸ். ஒரு வார்த்தைகூட வரல."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது, மூக்கை உறிஞ்சும் சத்தமும். "சரியா என் சரணத்தைப் பாத்து மறந்திருக்கே பாரு. பேனா எடு. சொல்றேன்."

அவள் சொல்லச்சொல்ல, ஹோட்டல் அறையில், ட்ரெண்ட் அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதும் பிள்ளை மாதிரி எலியேசர் எழுதிக்கொண்டான். நடுவில் ஒரு சொல்லை அவள் மாற்றினாள். "இப்பத்தான் தோணுச்சு. இது தெளிவா?" என்றாள். அவன் அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவன் இந்த வகையில் சேர்த்தியே இல்லை, நல்ல மனிதர்கள் வரிசையில் போய் நின்றிருப்பான். ஆனால் ட்ரெண்ட் இருக்கிறாரே! மறுவாரமே திரையில் வந்தார். "எலி! ஸ்பானிஷ்தான் இப்ப போகுது! முழு ஆல்பமும் ஸ்பானிஷ்! பேரு 'வேர்கள்'! ஊருக்குப் போங்க, மண்ணோட மண்ணா நில்லுங்க, போட்டோ எடுப்போம்!" எலியேசர் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: எழுதியவர் என்ற இடத்தில் நூரிஸ் தாமரா முதலில், அவன் இரண்டாவது, அதற்குப் பிறகு யாரும் கிடையாது. அதை விட்டுக்கொடுக்கவில்லை. ட்ரெண்ட் நெகிழ்ந்துபோய், தெய்வத்தின் பேரை முதலில் போடுவது நல்ல சகுனம் என்றார்.

எலியேசர் ஊருக்கு வந்தான். எப்படி வந்தான்? கறுப்புப் பட்டை போட்ட ஓலைத் தொப்பி, தோல் செருப்பு, தோளில் நெய்த பை. எங்கள் ஊரில் வக்கீல்கள் பேண்ட் போடுகிறார்கள், மாடு மேய்க்கிறவர்கள் கூட மோட்டார் சைக்கிளில் போகிறார்கள், இவன் மட்டும் கழுதை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். பேச்சோ, கேட்கவே வேண்டாம். கடற்கரைக்காரர்கள் நாங்கள் சொல்லின் வாலை விழுங்கிவிட்டுப் பேசுவோம், உண்மைதான். இவன் தலையையும் சேர்த்து விழுங்கினான். மின்தாக்காவிடம் போய் ஏதோ கேட்டான். அவள் காதைக் கிட்டே கொண்டுவந்து, "என்ன ராசா, பல்லு புடுங்கினியா?" என்றாள். ஆர்ஹெமிரோவின் பேட்டியில், கேட்காமலே, கிழங்கைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினான். கிழங்கில் எத்தனை வகை, எது எந்த மாதத்தில் தோண்டுவது, எல்லாம். ஆர்ஹெமிரோ, "டேய், நாங்க கடையில வாங்கித்தான்டா திங்கறோம்" என்று கெஞ்சினான்.

வீட்டில் நூரிஸ் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப யாரை மாதிரி பேசறே?"

"யாரை மாதிரியும் இல்ல. என்னை மாதிரிதான்."

"அவன் இப்படிப் பேசமாட்டான்."

எலியேசர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். நெற்றியில் ஓலை அழுத்திய தடம் சிவந்திருந்தது. பிறகு, அதிகப் பணிவோடு, வழி கேட்கும் வெளியூர்க்காரன்போல, கேட்டான்.

"அப்ப அவன் எப்படிப் பேசுவான்?"

"பெரிசா ஒண்ணும் பேசமாட்டான்" என்றாள் நூரிஸ், அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சூப்பை ஊற்றிக்கொண்டே. "பாதி பேசிட்டிருக்கும்போதே பசி எடுத்து நிறுத்திடுவான்."

அவன் சாப்பிட்டான். அந்த ஒரு வேளை மட்டும் அவன் யாராகவும் இல்லை. மத்தியானம் போட்டோக்காரர்கள் வந்தார்கள். தொப்பி மறுபடி தலைக்கு ஏறியது. என்ன செய்வது, இந்த வகைக்கு முழுக் குணம் கிடையாது. இடையிடையே கொஞ்சம் தெளியும், அவ்வளவுதான்.

எங்கோ கொலம்பியாவில் யாரோ ஒரு பாட்டுக்காரர், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள், இல்லையா? தாராளமாகத் திருப்புங்கள். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு சோதனை. இன்றைக்கு உங்களுக்கு இரண்டு அழைப்பு வரும். ஒன்று அலுவலகத்திலிருந்து, ஒன்று ஊரிலிருந்து, உங்கள் சித்தப்பாவிடமிருந்து. இரண்டையும் சத்தமாகவே பேசுங்கள். பேசி முடித்ததும், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு, "யார் பேசினது?" என்று கேளுங்கள். அவர் சட்டென்று உங்கள் பேரைச் சொன்னால் நீங்கள் தப்பித்தீர்கள். "யாரைக் கேக்கறீங்க? முதல்ல பேசினவரையா, அப்புறம் பேசினவரையா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், கோபப்படாதீர்கள். உட்கார்ந்து, இதை முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள், இந்தத் தடவை பேரை மாற்றி.